ரப்பர் மரத்தின் இலைநோய்களை இனங்காணல்

ரப்பர் மரம் ஆண்டுக்கு ஒருமுறை தன் இலைகள் யாவற்றையும் உதிர்க்கும் இயல்புடையது. நம் நாட்டின் பெரும்பாலான ரப்பர் நிலங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலத்தில் இலைகள் மஞ்சளும் செம்மையுமாக நிறம் மாறி வீழ்கின்றன. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றி, மரம் மீண்டும் பசுமை பெறுகின்றது. இஃது இயற்கையின் ஒழுங்கு; இதற்கு மருந்து வேண்டுவதில்லை. ஆனால் அதே மரம் ஜூலைத் திங்களின் அடைமழையில் பச்சை இலைகளை மிகுதியாக உதிர்க்குமாயின், அல்லது மார்ச்சுத் திங்களில் விரிந்த தளிர் முற்றுவதற்கு முன்னரே சுருங்கிக் கொட்டுமாயின், அங்கே நோய் புகுந்திருத்தல் கூடும். அது எந்த நோய் என்று அறிவதே களப் பணியாளரின் முதற் கடமையாகும்.

இலையின் இழப்பு மரத்தின் அழகைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மரப்பட்டையினின்று வடியும் பால், இலைகள் ஆக்கிய சர்க்கரையிலிருந்தே உருவாகின்றது. புதுத்தளிர் முழுவதும் நோயால் கொட்டிவிட்டால், மரம் தன்னிடம் எஞ்சியுள்ள சேமிப்பைச் செலவிட்டு மீண்டும் தளிர்க்க வேண்டியதாகின்றது. அவ்வாண்டின் பால் குறைகின்றது, நுனிக்கிளைகள் காய்கின்றன, இளமரங்களின் பருமன் வளர்ச்சி தடைப்பட்டு, பால் வெட்டத் தொடங்கும் காலமும் தள்ளிப்போகின்றது. இந்தியாவின் ரப்பர் பரப்பில் மிகப் பெரும் பகுதி சிறு உழவர்களின் கையில் உள்ளது. ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ உடைய குடும்பத்திற்கு ஓராண்டின் பால் குறைவு பெரும் இழப்பாகும்.

நோயின் பெயரைப் பிழைபடக் கூறுவதால் இவ்விழப்பு இருமடங்காகும். மழைக்கால இலையுதிர்வைத் தடுக்கச் செம்பு சேர்ந்த மருந்து வேண்டும். சாம்பல் நோய்க்குக் கந்தகம் வேண்டும். ஒன்றிற்குரியதை மற்றொன்றிற்கு இட்டால் மருந்தும் கூலியும் வீணாவதுடன், உரிய காலமும் கடந்துவிடும். ஆகவே நோயை இனங்காணும் முறையை, ஆய்வுக்கூடத்தின் துணையின்றித் தோட்டத்திலேயே கையாளத்தக்க வகையில், இங்கு விளக்குவோம்.

இலையின் பருவங்கள்

ரப்பர் இலை ஒரு நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. மொட்டு விரிந்தபின் அது சில பருவங்களைக் கடந்தே முதிர்ச்சி அடைகின்றது. முதலில் சிற்றிலைகள் சிறியனவாய், செம்பு நிறமுடையனவாய் இருக்கும். அடுத்து அவை விரிந்து, இளம்பச்சை நிறம் பெற்று, துவண்டு கீழ்நோக்கித் தொங்கும். அதன்பின் இலை விறைப்புற்றுக் கரும்பச்சையாகி நிமிர்கின்றது. மொட்டு விரிதல் முதல் முதிர்ச்சி வரை ஏறத்தாழ நான்கைந்து வாரங்கள் ஆகும்.

இப்பருவங்களை அறிதல் இன்றியமையாதது. செம்பு நிறத் தளிரின் மேற்றோல் மிக மெல்லியது. அதனைக் காக்கும் மெழுகுப் படலம் இன்னும் தடித்திராது. ஆதலால் சில பூசணங்கள் தளிரை மட்டுமே தாக்க வல்லன. இலை முற்றியபின் அவை செயலற்றுப் போகின்றன. வேறு சில முதிர்ந்த இலையையும் விடுவதில்லை. எனவே, உதிர்ந்த இலையைக் கையில் எடுத்தவுடன் அது எப்பருவத்தில் வீழ்ந்தது என்று நோக்குவதே, பாதி நோய்களை விலக்கிவிடப் போதுமானது.

கேட்கவேண்டிய நான்கு வினாக்கள்

புதிதாகப் பணியில் அமர்ந்தோர் பெரும்பாலும் இலையின் புள்ளியை மட்டும் பார்த்து நோயின் பெயரைக் கூற முயல்வர். புள்ளி பலவேளைகளில் ஏமாற்றும். பல நோய்கள் பழுப்புப் புள்ளியையே உண்டாக்குகின்றன. ஒரே நோய், இலையின் பருவத்திற்கேற்ப வெவ்வேறு தோற்றம் காட்டுவதும் உண்டு. அதனால் கீழ்க்காணும் வினாக்களை இவ்வரிசையிலேயே கேட்டல் நன்று.

முதலாவது: இது எந்தத் திங்கள்? சென்ற பத்து நாட்களில் வானிலை எவ்வாறு இருந்தது?

இரண்டாவது: நோயுற்ற இலை செம்பு நிறத்ததா, இளம்பச்சையா, முதிர்ந்ததா?

மூன்றாவது: இலை எவ்வாறு உதிர்ந்தது? காம்புடன் வீழ்ந்ததா, அன்றிச் சிற்றிலைகள் மட்டும் வீழ்ந்து காம்பு மரத்திலேயே நிற்கின்றதா?

நான்காவது: புண் எங்கே உள்ளது? காம்பிலா, நரம்பிலா, இலைப்பரப்பிலா? அதன் நிறமும் வடிவும் யாவை?

இந்நான்கிற்கும் விடை கிடைத்தபின், நம் நாட்டு ரப்பர் மரத்தின் முக்கிய இலைநோய்களைப் பெரும்பாலும் ஐயமின்றிப் பிரித்துவிடலாம். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மழைக்கால இலையுதிர்வு

அசாதாரண இலையுதிர்வு என வழங்கும் இந்நோய் தென்மேற்குப் பருவமழையின் நோயாகும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை, தொடர்ந்து சில நாட்கள் மழை பெய்து, வானம் மூடிக் கிடந்து, காற்றில் ஈரம் மிகுந்து நிற்கும்போது இது தோன்றும். கேரளத்தின் மழை மிகுந்த பகுதிகளில் இதன் கொடுமை அதிகம். மழை குறைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இது மிகுதியாகக் காணப்படுவதில்லை. அம்மாவட்டத்துக் காய்கள் அழுகாமல் முற்றுவதாலேயே நாற்றுக்கான விதைகளை அங்கிருந்து திரட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது.

இதற்குக் காரணமான பைடோப்தோரா மீடியை என்னும் உயிரினத்தை 1918-இல் மக்ரே என்னும் அறிஞர் விவரித்துப் பெயரிட்டார். நெடுங்காலம் இது பூசணங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது. இதன் உயிரணுச் சுவர் பெரும்பாலும் செல்லுலோசு போன்ற பொருள்களால் ஆனது. உண்மையான பூசணங்களின் சுவரிலோ கைட்டின் முக்கிய பொருளாகும். இத்தகைய வேறுபாடுகளால் இக்கால அறிவியல் இதனை உண்மைப் பூசணங்களினின்று பிரித்துத் தனி வகுப்பில் வைக்கின்றது. களப்பணியில் பழைய வழக்கப்படியே பூசண நோய்களுடன் சேர்த்து இதனைப் பேசுகின்றோம். எனினும் இவ்வேறுபாடு ஒரு பயன் தருகின்றது. இவ்வுயிரினத்தின் வித்துகள் இழை போன்ற உறுப்புகளால் நீரில் நீந்திச் செல்ல வல்லன. இலைமீதும் காய்மீதும் நீர் தங்கி நின்றால் மட்டுமே அவை இயங்க முடியும். அடைமழை இல்லாத இடத்தில் இந்நோய் பரவாமைக்குக் காரணம் இதுவே.

முதலில் தாக்கப்படுவது பச்சைக் காய். காயின்மீது நீர்க்கசிவுடைய கரும்பழுப்புப் பகுதி தோன்றி, காய் முழுவதும் அழுகுகின்றது. அழுகிய காய்கள் வெடிக்காமல் மரத்திலேயே வற்றித் தொங்கி, அடுத்த ஆண்டின் நோய்க்கு வித்தாகின்றன. காயினின்று வழியும் மழைநீர் நோயை இலைகளுக்குக் கொண்டுசெல்கின்றது. முதிர்ந்த இலைகள் பச்சையாகவோ செம்பு கலந்த சிவப்பு நிறமுற்றோ காம்புடன் உதிர்ந்து, நிலத்தில் விரிப்புப் போலக் கிடக்கும்.

இந்நோயை உறுதிசெய்யும் அடையாளம் இலைக்காம்பில் உள்ளது. உதிர்ந்த இலையின் காம்பைத் திருப்பிப் பார்த்தால் கருமையான ஒரு புண்ணும், அதன் நடுவே உறைந்த பாலின் வெண்ணிறத் துளியும் காணப்படும். புண்ணுற்ற இடத்தில் பால் கசிந்து உறைவதாலேயே இத்துளி உண்டாகின்றது. இலையை மெல்ல உலுக்கினால் சிற்றிலைகள் காம்பினின்று எளிதில் கழலும். காற்றால் முறிந்த இலையில் இப்புண் இராது. பத்து இலைகளைப் பொறுக்கி அவற்றுள் பெரும்பாலானவற்றில் கரும்புண்ணும் வெண்துளியும் இருக்கக் கண்டால் ஐயத்திற்கு இடமில்லை.

இந்நோயைக் கண்டவுடன் மரத்தின் பால் வெட்டும் பட்டையையும் பார்த்தல் வேண்டும். அதே உயிரினம் அதே மழையில் வெட்டுப் பட்டையையும் தாக்கி, பட்டைக்கு அடியிலுள்ள மரப்பகுதியில் நெடுக்கான கருங்கோடுகளை உண்டாக்குவதுண்டு. இலை மீண்டும் வளரும். பட்டை கெடுமாயின் பல ஆண்டுப் பயன் கெடும்.

இந்நோய்க்கு மருந்து முன்காப்பாகவே பயன்படும். மழை தொடங்குவதற்கு முன், இலைக்கூரை முழுவதும் நனையுமாறு 1 விழுக்காடு போர்டோ கலவையைத் தெளித்தல் பழமையான முறையாகும். எண்ணெயில் கலந்த செம்பு ஆக்ஸி குளோரைடை நுண்துளித் தெளிப்பானால் தெளித்தல் பிற்காலத்து முறையாகும். இலைகள் கொட்டத் தொடங்கியபின் அவற்றைக் காக்க மருந்தடித்தல், வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது போன்றது. ஆகவே இவ்வாண்டு நோயைச் சரியாக இனங்கண்டு குறித்துவைப்பதன் பயன், அடுத்த ஆண்டு மே திங்களிலேயே கிட்டும். செம்பு சிறிதளவு பாலில் கலந்தாலும் ரப்பரின் தரம் கெடும். ஆதலால் தெளிக்கும்போது பால் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும்.

சாம்பல் நோய்

இது தளிரின் நோய். ஆய்டியம் ஹீவியே என்னும் பூசணம் இதற்குக் காரணமாகும். இலையுதிர்ந்து மரம் மீண்டும் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச்சு வரையுள்ள காலமே இதன் பருவம். குளிர்ந்த இரவும், விடியலில் மூடுபனியும், மேகமூட்டமும், எப்போதாவது பெய்யும் சிறுதூறலும் இதற்கு ஏற்றவை. பைடோப்தோராவைப் போல இதற்கு ஓடும் நீர் தேவையில்லை. இதன் வித்துகள் உலர்ந்த தூளாய்க் காற்றில் பரவுகின்றன. பெருமழை அவற்றைக் கழுவிவிடுகின்றது. தென்னிந்தியாவின் உயர்ந்த, குளிர்ந்த பகுதிகளிலும், திரிபுரா, அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களிலும் இது மிகுந்த தொல்லை தருகின்றது.

செம்பு நிறத் தளிரின்மீது சாம்பல் தூவினாற்போல் வெண்படலம் படர்கின்றது. சிற்றிலைகள் ஓரத்தில் சுருண்டு, நுனி கருகி, ஒவ்வொன்றாக வீழ்கின்றன. காம்புகளோ சில நாட்கள் மரத்திலேயே நிற்கின்றன. சிற்றிலையற்ற காம்புகள் துடைப்பக்குச்சிகள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். மழைக்கால நோயில் இலை காம்புடன் வீழ்வதும், இந்நோயில் சிற்றிலை மட்டும் முதலில் வீழ்வதும் நினைவிற் கொள்ளவேண்டிய வேறுபாடாகும். இலை சற்று முற்றியபின் தாக்கப்பட்டால் உதிர்வதில்லை. அதன்மீது வெண்திட்டுகள் தோன்றிப் பின்னர்ப் பழுப்புப் புள்ளிகளாக மாறி நிற்கும். பூங்கொத்துகளும் தாக்கப்படுவதால் காய்ப்பும் குறையும்.

மெல்லிய கந்தகத் தூளைத் தூவுதல் இதற்கு நெடுநாளாகக் கையாளப்படும் மருந்து. பனி ஈரம் இலைமீது இருக்கும் விடியற்காலையில் தூவினால் தூள் நன்கு ஒட்டும். தோட்டத்து மரங்களுள் பத்தில் ஒரு பங்கு மொட்டு விரியத் தொடங்கும்போதே முதற்சுற்றைத் தொடங்குதல் வேண்டும். எனவே இந்நோயைப் பொறுத்தவரை, பணியாளர் இலையை நோக்குவதற்கு முன்பே மொட்டை நோக்கப் பழகுதல் நன்று.

கொரினெஸ்போரா இலைநோய்

கொரினெஸ்போரா கேசிகோலா என்னும் பூசணத்தின் வரலாறு, களப் பணியாளர் அனைவரும் அறிந்திருக்கத் தக்கது. இப்பூசணம் தக்காளி, வெள்ளரி, பப்பாளி, பருத்தி முதலிய பல செடிகளையும் தாக்க வல்லது. நம் நாட்டில் 1958-இல் கேரளத்து ரப்பர் நாற்றங்கால்களில் இது காணப்பட்டது. அந்நாளில் இது நாற்றுகளின் சிறு நோயாகவே எண்ணப்பட்டது. ஆனால் 1990-களின் நடுப்பகுதியில் கருநாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தில் முதிர்ந்த மரங்களை இது தாக்கத் தொடங்கியது. அதிக பால் தருவதென மிகப் பரவலாக நடப்பட்டிருந்த ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ஒட்டு வகை இதற்கு எளிதில் இரையாயிற்று. இலங்கையிலும் 1980-களில் ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் வகை இந்நோயால் பெரிதும் தாக்குண்டு, நடவினின்று கைவிடப்பட்டது. ஒரே ஒட்டு வகையைப் பரந்த நிலத்தில் நடுவதன் ஆபத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. நேற்றைய சிறு நோய் நாளைய பெருநோய் ஆகலாம் என்பதும் இவற்றால் விளங்கும்.

புதுத்தளிர் இளம்பச்சை நிறம் பெறும் பருவத்தில், பிப்ரவரி முதல் மே வரை, இந்நோய் மிகுதியாகக் காணப்படும். பழுப்பு நிற வட்டப் புள்ளி தோன்றி, அதன் நடுப்பகுதி காகிதம் போல் வெளிறி, சுற்றிலும் மஞ்சள் வளையம் அமைகின்றது. பின்னர்ப் புண்ணையொட்டிய நரம்புகள் கருமையுறுகின்றன. நடுநரம்பும் அதன் கிளை நரம்புகளும் கருத்து நிற்கும் தோற்றம் மீன்முள்ளை ஒத்திருக்கும். இருப்புப்பாதையை ஒத்தது என்று கூறுவோரும் உண்டு. இதுவே இந்நோயின் முத்திரை.

இந்நோயில் மற்றொரு வியப்பும் உண்டு. இலைப்பரப்பின் பெரும்பகுதி பச்சையாகவே இருக்க, நடுநரம்பில் உள்ள ஒரே ஒரு புண்ணினால் இலை வீழ்ந்துவிடும். பூசணத்தின் சில இனவகைகள் சுரக்கும் காசிகோலின் என்னும் நச்சுப்பொருள், பூசணம் சென்றடையாத திசுக்களையும் கெடுப்பது இதற்கு ஒரு காரணமாகும். ஆதலால் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு நோயின் கடுமையை மதிப்பிடலாகாது. உதிர்ந்த இலைகளின் அளவையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும். இதற்குரிய மருந்துகளின் பெயரும் அளவும் காலந்தோறும் திருத்தப்படுவதால், ரப்பர் வாரியத்தின் அவ்வாண்டுப் பரிந்துரையைக் கேட்டு நடத்தலே முறை.

கொலெட்டோட்ரைக்கம் இலைநோய்

புதுத்தளிர்க் காலத்தில் மழை பெய்யுமாயின், சாம்பல் நோய்க்கு மாறாகக் கொலெட்டோட்ரைக்கம் என்னும் பூசணத்தை எதிர்பார்த்தல் வேண்டும். இதன் வித்துகள் பசைபோன்ற திரளாக இருப்பதால் காற்றில் எளிதில் பறப்பதில்லை. மழைத்துளி தெறிக்கும்போதே அவை இலைவிட்டு இலை தாவுகின்றன.

செம்பு நிறத் தளிரின் நுனி கருகிச் சுருங்கி, இலை உருக்குலைந்து உதிர்கின்றது. இளம்பச்சை இலையில் மஞ்சள் வளையமுடைய சிறு பழுப்புப் புள்ளிகள் பல தோன்றுகின்றன. இலை உதிராது முற்றுமாயின் இப்புள்ளிகள் சிறு கூம்புகள் போல் மேலெழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் இலைப்பரப்பைத் தடவினாலும் இம்மேடுகளை உணரலாம். கொரினெஸ்போராப் புள்ளியில் இத்தகைய மேடு இல்லை. இந்நோயில் மீன்முள் தோற்றம் இல்லை. இவ்விரண்டையும் பிரிக்க இதுவே எளிய வழி.

நாற்றங்காலில் பறவைக்கண் புள்ளி

ட்ரெக்ஸ்லெரா ஹீவியே என்னும் பூசணத்தால் வரும் இந்நோய் பெரும்பாலும் நாற்றுகளுக்கே உரியது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள வட்டப் புள்ளியின் நடுப்பகுதி வெண்மையாய், ஒளி ஊடுருவுமளவு மெலிந்து, விளிம்பு கரும்பழுப்பாய் அமைந்திருக்கும். பறவையின் கண்ணை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்தது. வளமற்ற மண்ணிலும், நிழலின்றிக் கடுவெயில் படும் பாத்திகளிலும் உள்ள நாற்றுகளே பெரிதும் துன்புறுகின்றன. எனவே இந்நோய் மிகுந்த நாற்றங்காலில் மருந்தோடு நில்லாமல், உரமும் நிழலும் போதுமானவையா என்றும் ஆராய்தல் வேண்டும்.

நோயெனத் தோன்றுவன

எல்லா மஞ்சள் இலையும் நோயுற்ற இலை அன்று. மக்னீசியக் குறைவுள்ள மரத்தில், வெயில் படும் முதிர்ந்த இலைகளின் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளாகும். இதனைக் கண்டு கொரினெஸ்போராவின் மீன்முள் தோற்றம் என மயங்குவதுண்டு. பூசண நோயில் நரம்பு கருக்கும். ஊட்டக் குறைவில் நரம்பு பச்சையாய் நிற்கும். பொட்டாசியக் குறைவில் மஞ்சளும் கருகலும் இலையின் ஓரத்தில் தொடங்கும். ஊட்டக் குறைவின் தோற்றம் இலையின் இருபுறமும் ஒத்து, ஒழுங்காக அமையும். பூசணப் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நாற்றுகளின் தளிர் சுருண்டு நெளிந்திருப்பின், இலையின் அடிப்புறத்தைக் கைக்கண்ணாடியால் பார்த்துச் சிலந்திப்பேன் முதலிய நுண்பூச்சிகள் உள்ளனவா எனத் தெளிதல் வேண்டும்.

நம் நாட்டில் இல்லாத நோய்

ரப்பர் மரத்தின் இலைநோய்களுள் மிகக் கொடியது தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். சூடோசெர்கோஸ்போரா உலேயை என்னும் பூசணம் இதற்குக் காரணம். ரப்பர் மரத்தின் தாயகமான அமேசான் காடுகளே இதற்கும் தாயகம். 1876-இல் விக்காம் என்பவர் அமேசான் பகுதியினின்று ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். அவற்றினின்று எழுந்த நாற்றுகளே ஆசிய ரப்பர் தோட்டங்களுக்கு முதலாயின. விதை வந்தது, நோய் வரவில்லை. ஆசியாவின் ரப்பர்த் தொழில் இந்நல்வாய்ப்பின்மீதே எழுந்து நிற்கின்றது.

பிரேசிலில் நேர்ந்தது வேறு. மோட்டார் வண்டித் தொழிலதிபர் ஹென்றி போர்டு 1928 முதல் தபஜோஸ் ஆற்றங்கரையில் போர்ட்லாந்தியா என்னும் பெருந்தோட்டத்தை அமைத்தார். மரங்கள் வளர்ந்து இலைக்கூரைகள் ஒன்றோடொன்று சேர்ந்தவுடன் இக்கருகல் நோய் மரத்திலிருந்து மரத்திற்குப் பரவித் தோட்டத்தை அழித்தது. 1934-இல் பெல்டெர்ரா என்னும் இடத்தில் மீண்டும் முயன்றும் பயனில்லாமல், 1945-இல் தோட்டங்கள் பிரேசில் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.

இந்நோயின் அடையாளங்களை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தளிரின் அடிப்புறத்தில் சாம்பல் கலந்த பச்சை நிறமுடைய, வெல்வெட்டுத் துணி போன்ற பூசணப் படலம் தோன்றும். தளிர் முறுக்குண்டு கருகி வீழும். வீழாது முற்றிய இலையின் மேற்புறத்தில் கருநிறச் சிறு முடிச்சுகள் வட்டமாக அமைந்து, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாய் இருக்கும். இலையில் ஆங்காங்கே துளைகளும் விழும். சாம்பல் நோயின் படலம் வெண்மையானது, இதன் படலம் பசுஞ்சாம்பல் நிறத்தது என்னும் வேறுபாட்டை மறவாதிருத்தல் நலம்.

நாட்டிற்குள் தாவரப் பொருள்கள் வருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை கட்டுப்படுத்துகின்றது. எனினும் சுங்கச் சாவடியில் தப்பிய ஒன்றைத் தோட்டத்தில் கண்டுபிடிக்கக் கூடியவர் களப் பணியாளரே. 2016 முதல் இந்தோனேசியாவிலும், பின்னர் மலேசியா, தாய்லாந்து, இலங்கை நாடுகளிலும் முதிர்ந்த இலைகளில் பெரிய வட்டப் புள்ளிகளை உண்டாக்கி உதிர்க்கும் ஒரு நோய் பரவியது. பெஸ்டலோசியாப்சிஸ் முதலிய பூசணங்கள் அதனுடன் தொடர்புடையன எனக் கண்டனர். புதிய நோய்கள் தோன்றுவது நின்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று.

மாதிரி எடுத்து அனுப்பும் முறை

ஐயமுள்ளபோது மாதிரி அனுப்புதல் வேண்டும். கோட்டயத்தில் 1955-இல் நிறுவப்பட்ட இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நம் தலைமை நிலையமாகும். முற்றிலும் அழுகிய இலையால் பயனில்லை. அதில் பின்னர்க் குடிபுகுந்த வேறு பூசணங்களே மிகுந்திருக்கும். புண் தொடங்கிய நிலை, வளர்ந்த நிலை இரண்டையும் காட்டும் இலைகளைக் காம்புடன் எடுத்து, செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே வைத்து அனுப்புக. ஈரத்துடன் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வழியிலேயே அழுகிவிடும். இடம், நாள், ஒட்டு வகை, மரத்தின் வயது, இலையின் பருவம், அண்மைய வானிலை, முன்னர் இட்ட மருந்து ஆகியவற்றை எழுதி இணைத்தல் வேண்டும். முற்கூறிய நான்கு வினாக்களின் விடையையே இக்குறிப்பு தாங்கிச் செல்கின்றது என்பதை வாசகர் உணர்வர்.

ஆனால் தென்னமெரிக்க நோய் என ஐயுறும் இலையை அவ்விடத்தினின்று எடுத்துச் செல்லலாகாது. மரத்தைக் குறியிட்டு, ஆட்கள் நடமாட்டத்தைத் தடுத்து, உடனே ரப்பர் வாரிய அலுவலகத்திற்குத் தெரிவித்து, அறிஞர் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஐயம் பொய்யாயினும் குற்றமில்லை. உண்மையாக இருந்து ஒருவரும் கூறாது விடுவதே பெருங்கேடு.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

ரப்பர் விளையும் ஊர்களின் பள்ளி ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்தலாம். ஜூலையில் மாணவர் ஒவ்வொருவரும் உதிர்ந்த இலைகள் பத்தைக் கொணர்ந்து, காம்பில் வெண்துளி உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து எண்ணட்டும். புண்ணுற்ற காம்பை ஈரத்தாள் விரித்த கண்ணாடித் தட்டில் இரண்டு நாட்கள் மூடிவைத்து, கைக்கண்ணாடியால் வெண்ணிறப் பூசண இழைகளைக் காணலாம். இரண்டு நாட்களுக்கு மேற்பட்டால் வேறு பூசணங்கள் படரும். காண்பது நோய்க்காரணம்தானா என்னும் ஐயம் எழும். எல்லாம் முடிந்தபின் இலைகளை எரித்துவிடுதல் வேண்டும்.

போர்டோ கலவையும் வேதியியல் பாடத்திற்கு உகந்தது. 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் 1 விழுக்காடு கலவை கிடைக்கும். துலக்கிய இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் நனைத்து எடுத்தால், சுண்ணாம்பு குறைவாயின் கத்தியில் செந்நிறச் செம்பு படியும். அக்கலவை இலையைச் சுடும். மேலும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். இதனைப் பள்ளியில் மிகச் சிறு அளவில், மண்பாண்டத்திலோ பிளாஸ்டிக் பாண்டத்திலோ ஆசிரியரே செய்து காட்டலாம். கரைசல் மாணவர் கையிலோ கண்ணிலோ படாதவாறு காத்தல் வேண்டும்.

சுருக்கத் திறவுகோல்

அடைமழைக் காலம், முதிர்ந்த இலை காம்புடன் வீழ்கின்றது, காம்பில் கரும்புண், நடுவே வெண்துளி: மழைக்கால இலையுதிர்வு.

தளிர்க்காலம், மூடுபனி, மழையில்லை; வெண்படலம்; சிற்றிலை வீழ்ந்து காம்பு நிற்கின்றது: சாம்பல் நோய்.

தளிர்க்காலத்தில் மழை, நுனி கருகிய தளிர், முற்றிய இலையில் மேடான புள்ளி: கொலெட்டோட்ரைக்கம்.

பிப்ரவரி முதல் மே வரை. காகிதம் போன்ற நடுவுடைய புள்ளி, கருத்த நரம்புகளின் மீன்முள் தோற்றம்: கொரினெஸ்போரா.

நாற்றங்கால், வெண்ணடுவும் கருவிளிம்பும் உடைய சிறு புள்ளி: பறவைக்கண் புள்ளி.

நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள்; தோற்றம் ஒழுங்கானது: ஊட்டக் குறைவு.

இவற்றுள் எதிலும் அடங்காதது: மாதிரிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியது. பசுஞ்சாம்பல் படலம் காணின் உடன் அறிவிப்புக்கு உரியது.

இத்திறவுகோலைக் கையேட்டில் எழுதிவைத்துக்கொண்டு, திங்களுக்கு ஒருமுறையேனும் ஒரே தோட்டத்தின் அதே மரங்களைப் பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கத்தைக் களப் பணியாளர் மேற்கொள்வாராக. ஓராண்டுக் குறிப்பு நோயின் பெயரைத் தரும். மூன்றாண்டுக் குறிப்பு நோய் வரும் நாளையே முன்கூட்டி உணர்த்தும். சிறு உழவர்க்கு நாம் செய்யக்கூடிய உதவிகளுள் இதனினும் செலவு குறைந்தது வேறில்லை.